கழற்றுமுன் அளந்து பார்

ஓ.எல். பெறுபேறு வந்த கையோடு மட்டக்களப்பில் பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது: "பொடியனுக்கு வாகன வேலையில விருப்பம். டெக்னிக்கலுக்கு அனுப்புறதா, மாமாட கராஜில விடுறதா?" கராஜில் விட்டால் கையில் கொஞ்சம் காசு வரும், இரண்டு வருடத்தில் கிளச் இறக்கிப் பூட்டவும் பழகிவிடுவான். டெக்னிக்கல் எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியிலோ முதல் மாதம் முழுக்க அரம் பிடித்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பான். பெற்றோர் தயங்குவதில் பிழை சொல்ல முடியாது.

கழற்றிப் பூட்டும் கைவேகம் கராஜில்தான் வரும். ஆனால் எதைக் கழற்றுவது, கழற்றத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்கிற முறையைச் சொல்லித்தர கராஜ் பாஸுக்கு நேரம் கிடைப்பதில்லை. வாசலில் அடுத்த வாகனம் நிற்கும். கல்லூரிக்குப் போய் அளக்கப் பழகாமல் திரும்புகிறவன், சான்றிதழ் வைத்திருந்தாலும் பாகம் மாற்றுகிறவன்தான். முன்னர் அது ஓரளவு எடுபட்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே ஓடின, பாகங்களின் விலையும் ஏறியது. ஊகத்தில் ஒரு சென்சரை மாற்றிவிட்டு "இது இல்லப் போல" என்று அடுத்ததை மாற்ற, இன்றைக்கு எந்த வாடிக்கையாளரிடமும் காசில்லை.

சேர்வதற்கான விபரம் சுருக்கமாக. மட்டக்களப்பில் மஞ்சந்தொடுவாயிலும் அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையிலும் அரச தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. இவை தவிர தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், நைற்றா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் பயிலுனர் திட்டமும் உண்டு. எந்த நிலையத்தில் எந்தக் கற்கை நடக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். விண்ணப்பத்துக்கு முன் நேரில் போய்க் கேட்பதோடு, வேர்க்ஷொப்பையும் பாருங்கள். ஓடக்கூடிய எஞ்சின் எத்தனை, மைக்ரோமீற்றரும் (நுண்ணிய அளவு எடுக்கும் கருவி) டோர்க் ரெஞ்சும் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பனர்) பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கின்றனவா, பிள்ளைகளின் கையில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். சான்றிதழ் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையில் வரும். மொத்தம் 7 மட்டம்: 4 வரைக்கும் தொழிற் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யத் தகுதியானவர் என்று 4ஆம் மட்டத்தில்தான் கணக்கெடுப்பார்கள். ஆகவே 3 கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள்.

அரம் பிடிக்கிற மாதத்துக்கு வருவோம். பலருக்கும் வெறுப்பு வருகிற கட்டம் அதுதான். தட்டையாகத் தேய்ப்பது, இரும்பறு வாளால் கோட்டில் வெட்டுவது, துளையிட்டு மரை (போல்ட் திரும்பும் புரி) போடுவது என்று போகும். எம்8, அதாவது 8 மி.மீ. விட்ட மரைக்கு 6.8 மி.மீ. துளை, எம்6 மரைக்கு 5 மி.மீ. துளை. விட்டத்திலிருந்து மரை இடைவெளியை (ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்கான தூரம்) கழித்தால் துளை அளவு வந்துவிடும். இந்தச் சின்னக் கணக்குத் தெரியாததால் கெட்டுப்போன அலுமினியம் ஹெட்டுகள் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) ஊருக்குள் ஏராளம். ஒரு உதாரணம் போதும். ஜப்பான் வாகனங்களில் எம்10 போல்ட் பெரும்பாலும் 1.25 இடைவெளி மரையோடு வரும். ஹாட்வெயார் கடையில் "பத்து மில்லி போல்ட்" என்று கேட்டால் 1.5 இடைவெளிதான் தருவார்கள். விரலால் திருப்ப ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். இறுகுவதை "துரு போல" என்று நினைத்து ஸ்பனர் போட்டு இழுத்தால் அலுமினிய மரை சீவிக்கொண்டு வந்துவிடும். எந்தப் போல்ட்டையும் முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டுமே திருப்பு என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்தது மைக்ரோமீற்றர். ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், சுற்றில் 50 கோடு, ஆகவே ஒரு கோடு 0.01 மி.மீ. வாசிக்கப் பழகுவது ஒரு நாள் வேலை. அரை மில்லிக் கோட்டைக் கவனிக்காமல் 0.50 பிழையாக வாசிக்கும் பழக்கத்தை விடுவதுதான் நாட்பட்ட வேலை. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், கிராங் அச்சின் வழியாகவும் அதற்குக் குறுக்காகவும் என்று ஆறு இடத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் மேலே நின்று திரும்புகிற இடத்தில் எரிவாயு அழுத்தம் கூடுதல், ஒயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் மிகுதி. குறுக்குத் திசையில் பிஸ்டன் சுவரை அழுத்துவதால் வட்டம் முட்டையாகும். ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டு "போர் (சிலிண்டரின் உட்துளை) நல்லம்" என்று பிஸ்டன் ரிங்கை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் சைலன்சரில் நீலப் புகை திரும்பி வரும்.

எஞ்சினைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவும் வழியுண்டு. கம்ப்ரெஷன் சோதனையில், அதாவது பிளக் துளையில் கேஜ் வைத்து சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பதில், எல்லாப் பிளக்கும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், எரிபொருளும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், எக்ஸலரேட்டர் முழுக்க மிதிக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். பெற்றோல் எஞ்சினுக்குப் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். சிலிண்டர்களுக்கிடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கெஸ்கட். அடுத்தடுத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அவற்றுக்கிடையில் கெஸ்கட் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு இந்தக் கேஜைப் போடக் கூடாது. அங்கே அழுத்தம் இதைவிட இரண்டு மூன்று மடங்கு.

கடற்கரைப் பக்கத்தில் வேலை செய்யப்போகிறவனுக்கு இவை எல்லாவற்றையும்விட அதிகம் சோறு போடுவது மல்டிமீற்றர். கல்லடி, நாவலடி, பூநொச்சிமுனைப் பக்கம் நிற்கிற வாகனங்களில் உப்புக்காற்று முதலில் தின்பது ஏர்த் இணைப்புகளை, அதாவது பற்றரியின் எதிர்ப்பக்க வயர் வாகன உடம்போடும் எஞ்சினோடும் பூட்டுகிற இடங்களைத்தான். அதன் அறிகுறியோ பற்றரி போனது போலவே இருக்கும். சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம், அல்லது சோம்பலாக ஒரு சுற்று. புதுப் பற்றரி போட்டால் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். ஏனெனில் புதுப் பற்றரி கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். இரண்டு கிழமையில் அதே கதை. பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவார்கள்.

ஒரு அல்டோ காரை வைத்து முறையாகப் பார்ப்போம். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்து, மேல்மட்ட சார்ஜைத் தணித்த பிறகு பற்றரியை அளந்தால் 12.5 வோல்ட். முழுச் சார்ஜ் என்றால் 12.6, பாதி என்றால் 12.2 அளவில் நிற்கும். 12.0க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும், அதற்கு முன் செய்கிற எந்தச் சோதனைக்கும் பெறுமதி இல்லை. நமது பற்றரி நல்லம். கியரை நியூட்ரலில் வைத்து, எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் பிடிக்காதபடி செய்துவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் அளக்கிறார். மீற்றர் முனை பற்றரியின் ஈயக் கம்பத்தில் படவேண்டும், கிளாம்பில் அல்ல. சுற்றும்போது 10.4 வோல்ட். 9.6க்கு மேல் நிற்பதால் பற்றரியை விட்டுவிடலாம்.

அடுத்து, சிவப்பு முனை பற்றரியின் நேர்க் கம்பத்தில், கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் தடித்த வயர் பூட்டிய ஸ்டட்டில். சுற்றும்போது 0.2 வோல்ட். 0.5 வரைக்கும் பொறுக்கலாம் என்பதால் அந்தப் பக்கமும் சரி. இனி கறுப்பு முனை பற்றரியின் எதிர்க் கம்பத்தில், சிவப்பு முனை ஸ்டார்ட்டரின் உடம்பில். சுற்றும்போது 1.3 வோல்ட். இங்கே 0.2க்கு மேல் வரக் கூடாது. 10.4இல் இரண்டு பக்கமுமாக 1.5 வழியிலேயே தொலைந்து, ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 8.9 மட்டும்.

எங்கே தொலைகிறது? அதே அளவைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையில், கிளாம்புக்கும் பொடிக்கும் (வாகனத்தின் உடம்புக்கும்) இடையில், பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையில். எந்தத் துண்டில் 1.1, 1.2 என்று பாய்கிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் பொடியில் ஏர்த் வயர் பூட்டிய போல்ட்டுக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கழற்றி, இரு முகத்தையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல் வொஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசி, மறுபடி அளக்க வேண்டும். 0.1, 0.15 என்று வந்தால் வேலை முடிந்தது. செலவு ஒரு வொஷர்.

இதையே ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கிற மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். கேட்க வேண்டிய கேள்விதான். 130 அம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் விழுகிறது என்றால் தடை 0.01 ஓம். சாதாரண மல்டிமீற்றர் 0.1க்குக் கீழே வாசிக்காது. முனைகளின் தடையே அதைவிடக் கூடுதல். ஆகவே மீற்றர் "0.0, நல்லம்" என்று பொய் சொல்லும். சுமை ஓடும்போது வோல்ட்டை அளந்தால்தான் பழுது வெளியே வரும். இந்த ஒரு பாடத்தை விளங்கிக்கொண்டவனுக்கு மங்கலான ஹெட்லைட், மெதுவாக ஏறும் கண்ணாடி, சூடாகும் பியூஸ் எல்லாம் ஒரே கணக்குத்தான். இன்னொரு எச்சரிக்கை: அம்பியர் அளந்துவிட்டுச் சிவப்பு வயரை 10ஏ துளையிலேயே விட்டு, அடுத்ததாகப் பற்றரியில் வோல்ட் அளக்கப் போவது வகுப்புக்கு ஒருவராவது செய்கிற வேலை. மீற்றர் வழியாக நேரடிக் குறுக்குச் சுற்று. நல்ல மீற்றர் என்றால் பியூஸோடு போகும், மலிவானது கையில் வெடிக்கும்.

ஹெட் பூட்டும் பாடத்தில் இறுக்கும் வரிசையை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே, கழற்றும்போது வெளியிலிருந்து நடுவுக்கு. பிழைப்பது மற்ற இடங்களில். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பை நீளத்துக்கும் குறுக்குக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, கீழே 0.05 மி.மீ. பீலர் தகடு நுழைகிறதா என்று பார்க்காமல் புதுக் கெஸ்கட் போடுவது ஒன்று. பிளொக்கில் போல்ட் போகும் குருட்டுத் துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தங்கியிருக்கப் பூட்டுவது இன்னொன்று. போல்ட் இறங்க இறங்க உள்ளே சிக்கிய திரவத்துக்குப் போக இடமில்லை. டோர்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. அழுத்தம் மிஞ்சினால் பிளொக்கே வெடிக்கும். துளையைக் காற்றடித்துத் துடைக்க இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது, அலகு. பழைய ஜப்பான் மனுவல்களில் கிலோகிராம்-சென்ரிமீற்றர், புதியவற்றில் நியூட்டன்-மீற்றர். 300 என்று ஒன்றில் இருப்பது மற்றதில் 29. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போல்ட் அறுந்து கையில் வரும். கோணக் கணக்கில், அதாவது ஒரு அளவுக்கு இறுக்கிய பிறகு இன்னும் 90 பாகை என்று இறுக்கச் சொல்கிற போல்ட்டுகள் பலவும் நீளும்படி செய்யப்பட்டவை. மனுவல் சொன்னால் புதிது போடுங்கள், அல்லது நீள எல்லையை அளந்து பாருங்கள்.

பிரேக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அடிப்படை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஒன்று மட்டும்: பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில், மூடி திறந்து மாதக்கணக்கில் ராக்கையில் நிற்கிற போத்தலை வாகனத்துக்கு ஊற்றக் கூடாது.

அம்பாறைப் பக்கம் தொழிற்தளப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே வருமானம் உழவு மெசினிலும், இரண்டு சில்லு லேன்ட்மாஸ்டரிலும், நெல் வெட்டும் மெசினிலும்தான். பெரும்போக அறுவடை நேரத்தில், பெப்ரவரி மார்ச்சில், மெசின் ஒன்று வயலில் நின்றால் உரிமையாளர் மணிக்கணக்கில் நட்டம் எண்ணுவார். வெட்டும் மெசின் சூடேறுகிறது என்று வந்தால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள். பதரும் வைக்கோல் தூசும் முன்பக்கத்தில் கம்பளி போலப் படிந்திருக்கும். காற்று போகிற திசைக்கு எதிர்த் திசையிலிருந்து, அழுத்தத்தைக் குறைத்து ஊத வேண்டும். அதே திசையில் ஊதினால் தூசு இன்னும் உள்ளே போய் இறுகும், கிட்டப் பிடித்தால் தகடு மடியும்.

லேன்ட்மாஸ்டரில் டீசல் முடிந்து காற்று ஏறினால் பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை விட்டு மூடி, பிறகு பம்பில், கடைசியில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திச் சுற்றுவது வழமை. பழைய ஹயஸ் வானில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடும்போதே குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிற பாஸ்மாரும் உண்டு. இந்தப் பழக்கத்தைக் கொமன் ரெயில் டீசலுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற எஞ்சினுக்கு, கொண்டுபோகக் கூடாது. அங்கே குழாய்க்குள் 1600 பார், அதற்கு மேலும் நிற்கும். கசியும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலைத் துளைக்கும். ஒரு முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் கழுவிக் கட்டிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்த டீசல் உள்ளே போனது என்று வாயால் சொல்ல வேண்டும். ஓடும்போது குழாயைத் தொடாதே, நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்க மனுவல் சொல்லும் நேரம் வரை காத்திரு. கராஜில் கேட்டுப் பழகியதைக் கல்லூரியில் மறக்க வேண்டிய இடங்களில் இது முதலாவது.

மாரி வெள்ளத்துக்குப் பிறகு வருகிற வாகனங்களும் ஒரு தனிப் பாடம். தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லி உரிமையாளர் கெஞ்சுவார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கொன்றொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும். முதலில் பிளக்கையோ, டீசல் என்றால் க்ளோ பிளக்கையோ கழற்றிக் கையால் சுற்ற வேண்டும். எயார் பில்டர் நனைந்திருக்கிறதா, எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோரும் மறப்பது டிப்ரென்ஷலும் கியர் பொக்ஸும். சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒயில் மாற்றாமல் விட்டால் பெயாரிங் ஓலம் போட்ட பிறகுதான் தெரியும், அதற்குள் வெள்ளம் வந்ததே மறந்திருக்கும்.

வாகனக் கணினியின் பழுதுக் கோட்டை வாசிக்கும் ஸ்கேனர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது எல்லோருடைய போனிலும் ஒன்று இருக்கிறது. பி0171 என்ற கோட் வந்தால் அதன் பொருள் கலவையில் எரிபொருள் போதாது என்பது மட்டுமே. ஒக்சிஜன் சென்சர் கெட்டது என்பதல்ல, அதைச் சொன்னதே அந்தச் சென்சர்தான். எயார் பில்டருக்குப் பின்னால் வெடித்த றப்பர்க் குழாய், அழுக்கான காற்றோட்டச் சென்சர், பலம் குறைந்த பம்ப் எல்லாவற்றுக்கும் இதே கோட்தான். கோட் தெருவைக் காட்டும், வீட்டை நீங்கள்தான் தேட வேண்டும்.

ஹைபிரிட்டுக்கு அவசரப்படாதீர்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸின் பற்றரி 201.6 வோல்ட், முதல் தலைமுறை அக்குவாவினுடையது 144, இன்வெர்ட்டரில் அது இன்னும் பல மடங்கு ஏறும். செம்மஞ்சள் வயரைத் தொடும் முன் 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி, 1000 வோல்ட் தரக் கையுறை போட்டு, உயர் வோல்ட் சுற்றைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, வோல்ட் இல்லை என்று அளந்து உறுதிப்படுத்த வேண்டும். கையுறையைச் சுருட்டிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். இவ்வளவும் இல்லாத கராஜில் செய்யக்கூடிய பயனுள்ள ஹைபிரிட் வேலை ஒன்றிருக்கிறது. பின் ஆசனத்துப் பக்கத்துப் பற்றரி விசிறியின் வலையில் மணலும் முடியும் அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்யுங்கள். நம்முடைய பகுதியில் அடைப்பு சீக்கிரம் வரும்.

கல்லூரிக்குப் பிறகு தொழிற்தளப் பயிற்சி, வழக்கமாக ஆறு மாதம். பெயர் பெரிய இடமாகத் தேடுவதைவிட, எத்தனை விதமான வேலை வருகிறது என்று பார்த்துச் சேருங்கள். சில இடங்களில் ஆறு மாதமும் வாகனம் கழுவுவதும் தேத்தண்ணி வாங்குவதுமாகவே போகும். முதல் மாதமே அப்படிப் போனால் பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்வதில் வெட்கமில்லை. தினக்குறிப்புப் புத்தகத்தில் "கிளச் வேலை செய்தேன்" என்று எழுதுவது வீண். வாகனம், உரிமையாளர் சொன்ன குறை, கழற்றுமுன் அளந்தது, கண்ட காரணம், போட்ட பாகம், முடித்தபின் அளந்தது என்று எழுதுங்கள். மதிப்பீட்டாளர் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார். அளவுகள் இருந்தால் பேச்சு உங்கள் பக்கம் சாயும்.

கல்லூரிக்கே போகாமல் வருடக்கணக்காகக் கராஜில் நிற்கிற அண்ணன்மாருக்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. வேலை செய்ததற்கான கடிதங்கள், படங்கள், வேலை விபரங்களைத் திரட்டிக் கொடுத்து, செய்முறை மதிப்பீட்டில் தேறினால் அதே என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும். கை வேலையில் அவர்கள் தடுமாறுவதில்லை. தடுமாறுவது மைக்ரோமீற்றர் வாசிப்பிலும், டோர்க் ரெஞ்சிலும், இதை ஏன் இப்படிச் செய்கிறாய் என்ற கேள்வியிலும். மதிப்பீட்டுக்கு முன் டெக்னிக்கலில் படிக்கிற ஒரு தம்பியைப் பிடித்து, அந்த மூன்றையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகிக்கொண்டு போகலாம். பதிலுக்கு அந்தத் தம்பிக்குக் கிளச் இறக்கக் காட்டிக்கொடுங்கள்.